ஒன்றேகாலும் ஐந்து காலும்

கட்டட வேலை நடக்கும் இடத்தில் கம்பியின் கனத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் பொறியாளர் எட்டு எம்எம், பத்து எம்எம் என்பார். பழைய கையான மேஸ்திரி ரெண்டரை நூல், மூணு நூல் என்பார். இருவரும் சொல்வது ஒரே கம்பியைத்தான். ஓர் அங்குலத்தை எட்டுப் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு நூல். அங்குலம் 25.4 மில்லிமீட்டர், ஆகவே நூல் 3.175 மில்லிமீட்டர். மூன்று நூல் 9.5 வரும், கடையில் கிடைப்பது 10. நாலு நூல் 12.7 வரும், கிடைப்பது 12. ஐந்து நூல் 15.9 வரும், கிடைப்பது 16. மெட்ரிக் அளவுகள் நாட்டில் நிலைபெற்று அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் இந்த நூல் இன்னும் அறுபடவில்லை.

தச்சு வேலையிலும் இதே நூல்தான். சட்டத்தின் கனம் ஒன்றரை அங்குலம் என்று சொல்லும் ஆசாரி அதைப் பன்னிரண்டு நூல் என்று சொல்வதில்லை. ஆனால் அதன்மேல் ஐந்து நூல் பலகை ஒன்றை ஒட்டினால் மொத்தம் என்ன வரும் என்று கேளுங்கள். மனசுக்குள் பன்னிரண்டும் ஐந்தும் பதினேழு என்று ஓடும். வாயிலிருந்து வருவதோ ‘ரெண்டு இன்ச் ஒரு நூல்’. ஆறாம் வகுப்பில் பலரையும் படுத்தி எடுக்கும் பாடத்தை அவர் ஒரு மூச்சில் முடித்துவிட்டார். 1½ என்ற கலப்பு பின்னத்தை 12/8 என்ற தகா பின்னமாக்கி, 5/8-ஐக் கூட்டி, வந்த 17/8-ஐ மீண்டும் 2⅛ என்ற கலப்பு பின்னமாக்கித் தந்திருக்கிறார்.

பள்ளிக்கூடம் இதையே விதியாகச் சொல்கிறது. முழு எண்ணைப் பகுதியால் பெருக்கு, தொகுதியைக் கூட்டு, பகுதியை அப்படியே கீழே எழுது. விதியில் குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் ஏன் பெருக்குகிறோம், ஏன் கூட்டுகிறோம், பகுதி மட்டும் ஏன் மாறாமல் நிற்கிறது என்ற மூன்று கேள்விக்கும் விதிக்குள் பதில் இல்லை. நூலுக்குள் இருக்கிறது. 2⅛ அங்குலத்தில் முழு அங்குலம் இரண்டு. ஒவ்வொன்றிலும் எட்டு நூல், ஆகப் பதினாறு. மேலே ஒரு நூல், ஆகப் பதினேழு. எதை எண்ணினோம்? நூலை. பகுதியில் நிற்கும் 8 நாம் எண்ணும் பொருளின் பெயர். மாம்பழத்தை எத்தனை முறை எண்ணினாலும் அது மாம்பழமாகவே இருப்பதுபோல அந்த எட்டும் மாறாமல் நிற்கிறது. திரும்பி வரும் வழியும் இதுவே. பதினேழு நூலை எட்டெட்டாகக் கட்டினால் இரண்டு கட்டு, மீதி ஒன்று. தகா பின்னத்தைக் கலப்பு பின்னமாக்குவது மீதியோடு கூடிய வகுத்தல். அதற்குமேல் அதில் ஒன்றும் இல்லை.

இந்தக் கட்டுரை சொல்ல வருவது இவ்வளவுதான்: கலப்பு பின்னம் அளவைச் சொல்வதற்கு, தகா பின்னம் கணக்குப் போடுவதற்கு. 17/8 அங்குலம் என்றால் நீளம் கண்முன் நிற்பதில்லை. 2⅛ என்றதும் இரண்டு அங்குலத்தைச் சற்றே தாண்டியது என்று தெரிந்துவிடுகிறது. கணக்கோ வேறு. அங்கே சில்லறையும் நோட்டும் கலந்திருந்தால் எண்ணும் கைக்குத் தொல்லை. எல்லாவற்றையும் சில்லறையாக்கி எண்ணி, கடைசியில் நோட்டாக மாற்றிக்கொள்வது நல்லது.

கழித்தலில் இது நன்றாகத் தெரியும். 5¼ அங்குலத்திலிருந்து 2⅞ அங்குலத்தைக் கழிக்க வேண்டும். கலப்பு வடிவத்திலேயே கழிக்கப் போனால் காலிலிருந்து ஏழு நூலை எடுக்க முடியாது. பிள்ளைகள் பலர் சத்தமில்லாமல் திருப்பிப் போட்டு ⅞-இலிருந்து ¼-ஐக் கழித்து, முழு எண்ணில் ஐந்திலிருந்து இரண்டைக் கழித்து 3⅝ என்று எழுதிவிடுவார்கள். நூலில் போட்டால் இந்த வழுக்கலுக்கே இடமில்லை. நாற்பத்திரண்டிலிருந்து இருபத்துமூன்று போனால் பத்தொன்பது. அதாவது 2⅜.

கழித்தலில் ஒரு முந்திரி, அதாவது 320-இல் ஒரு பங்கு, பிசகினாலும் வரியில் பிசகும் என்ற நிலை ஒரு காலத்தில் இங்கே இருந்தது. தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளில், கோயிலுக்கு வருவாய் தர வேண்டிய ஊர்களின் நிலக்கணக்கு வெட்டப்பட்டிருக்கிறது. முதலாம் இராசராசன் காலத்துக் கணக்கு, ஆயிரம் ஆண்டுப் பழமை. ஓர் ஊரின் மொத்த நிலம் இத்தனை வேலி என்று முதலில் வரும். அதிலிருந்து ஊர் நத்தம், கோயில்கள், குளங்கள், ஊரை ஊடறுத்துப் போகும் வாய்க்கால்கள், சுடுகாடு என்று வரி இல்லாத நிலமெல்லாம் கழியும். மிஞ்சிய நிலத்துக்கே வரி. இரண்டு பக்கமும் முழு வேலியாக அமைவது அரிது. வேலிக்குக் கீழே மா, காணி, முந்திரிகை என்று இறங்கி, அதற்கும் கீழே ‘கீழ்’ என்ற அடைமொழியோடு இன்னும் நுண்ணிய அளவுகளுக்குக் கணக்கு போகிறது. முழுக்க முழுக்கக் கலப்பு பின்னக் கழித்தல், அதுவும் கல்லில்.

இந்த அளவுகளின் அமைப்பைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பழந்தமிழ்க் கணக்கில் ஒன்றை உடைக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பாதி பாதியாகப் போவது: அரை, கால், அரைக்கால், வீசம். வீசம் பதினாறில் ஒன்று. மாகாணி என்றாலும் அதுவே. மற்றொன்று, இருபதாக உடைப்பது. இருபதில் ஒன்று மா. இருமா பத்தில் ஒன்று, நாலுமா ஐந்தில் ஒன்று. இரண்டு வழியும் ஒன்றுக்கொன்று ஒட்டாதவை. வீசத்தை மாவால் அளக்க முடியாது, மாவை வீசத்தால் அளக்க முடியாது. இரண்டும் சந்திக்கும் இடம் பதினாறுக்கும் இருபதுக்கும் மீச்சிறு பொது மடங்கு. அது 80. எண்பதில் ஒன்றுக்குக் காணி என்று பெயர். அதையும் நாலாக உடைத்தால் 320-இல் ஒன்று. அதுதான் முந்திரி, கல்வெட்டு சொல்லும் முந்திரிகை.

முந்திரி கிடைத்துவிட்டால் மேலே உள்ள எல்லாம் முழு எண்ணாகிவிடும். அரை 160 முந்திரி, கால் 80, அரைக்கால் 40, வீசம் 20, மா 16, காணி 4. வீசம் என்னும் பதினாறில் ஒன்றுக்கு இருபது முந்திரி, மா என்னும் இருபதில் ஒன்றுக்குப் பதினாறு முந்திரி. பதினாறும் இருபதும் பெருகினால் 320 என்பதால் வரும் பொருத்தம் இது. இதை அமைத்தவர் யாரென்று தெரியாவிட்டாலும் அவர் கையைப் பிடித்துக் குலுக்கத் தோன்றுகிறது. இப்போது அரைக்காலும் மும்மாவும் சேர்ந்தால் எவ்வளவு என்று பாருங்கள். பள்ளி முறையில் ⅛-உம் 3/20-உம்; மீ.சி.ம. கண்டுபிடித்து, பகுதியைச் சமமாக்கி, கூட்டி, சுருக்கி என்று நாலு வரி. முந்திரியில் நாற்பதும் நாற்பத்தெட்டும் எண்பத்தெட்டு. எண்பது ஒரு கால், மீதி எட்டு அரைமா. விடை காலே அரைமா. பள்ளியில் ஒவ்வொரு கணக்குக்கும் புதிதாகத் தேடும் மீ.சி.ம.வை இந்த முறை ஒரே தடவையில் தேடி வைத்துவிட்டது.

ஏறக்குறைய எல்லாரும் என்பதற்கு இன்றும் ‘முக்காலே மூணு வீசம் பேர்’ என்கிறோம். முக்கால் 240 முந்திரி, மூன்று வீசம் 60, மொத்தம் 300. ஒன்றுக்கு இன்னும் இருபது முந்திரி குறைவு, அதாவது ஒரு வீசம். பதினாறு பேரில் பதினைந்து பேர். வாய்ப்பேச்சில் புழங்கும் தொடருக்கு இவ்வளவு துல்லியமான மதிப்பு இருப்பது அபூர்வம். இந்தப் பின்னங்களுக்கான பழைய குறியீடுகள் ஏட்டிலும் கல்வெட்டிலும் தங்கிவிட்டிருந்தன. 2019-இல் வெளியான யூனிகோடு 12-ஆம் பதிப்பில் அவற்றுக்கும் இடம் கிடைத்தது. 

320-க்கு ஒரு குறை உண்டு. மூன்று அதற்குள் இல்லை. ஒன்றை மூவருக்குச் சமமாகப் பங்கிட்டால் ஆளுக்கு 106⅔ முந்திரி. அந்த ⅔-ஐக் கீழ் முந்திரியாக, அதாவது முந்திரியின் 320-இல் ஒரு பங்காக உடைத்தால் 213⅓. அந்த ⅓ திரும்பவும் 106⅔ ஆகும். முடிவே இல்லை. இரண்டையும் ஐந்தையும் மட்டும் பெருக்கி வந்த எண்ணால் மூன்றில் ஒன்றைப் பிடிக்க முடியாது. பத்தின் அடுக்கில் எழுதும் நம் தசம முறைக்கும் இதே குறைதான். 0.333 என்று எழுதிக்கொண்டே போகிறோம். டெல்டா மாவட்டங்களில் மூணு மா ஒரு ஏக்கர், இருபது மா ஒரு வேலி என்பது வழக்கமான கணக்கு. அப்படியானால் வேலி 20/3 ஏக்கர், கலப்பில் 6⅔. பத்திரத்தில் அது 6.67 ஆகும்போது மூன்றால் திரும்பப் பெருக்கி மாவுக்கு வர முயன்றால் கணக்கு ஒட்டாமல் நிற்கும். (உண்மையில் பன்னிரண்டு அடிக் கோலால் அளந்த மா 14,400 சதுர அடி, மூன்று மா 43,200. ஏக்கரோ 43,560. வழக்குக் கணக்கு இந்த 360 சதுர அடியைக் கண்டுகொள்வதில்லை.)

பின்னத்தை அவசரப்பட்டு முழுமையாக்கினால் என்ன ஆகும் என்பதை நாடு முழுவதும் சேர்ந்து பார்த்தது 1957-இல். அதுவரை ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா, ஓர் அணாவுக்குப் பன்னிரண்டு பை. அந்த ஆண்டு ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்கு நூறு நயா பைசா. நூறைப் பதினாறால் வகுத்தால் 6¼. ஓர் அணாவுக்கு ஆறேகால் நயா பைசா. காலுக்கு நாணயம் கிடையாது. எனவே மாற்று அட்டவணையில் ஓரணாவுக்கு 6, மூன்றணாவுக்கு 19 என்று கிட்டிய முழு எண் போட்டார்கள். நாலணா, எட்டணா, பன்னிரண்டணா மட்டும் 25, 50, 75 என்று சரியாக அமைந்தன. இப்போது நாலு பேரிடம் தனித்தனியாக ஓரணா வாங்க வேண்டிய கடைக்காரர் ஆளுக்கு ஆறு என்று வாங்கினால் 24 கிடைக்கும். நாலையும் கூட்டி மாற்றினால் 25. அணாவை 25/4 என்று தகா பின்னமாகவே வைத்திருந்து நாலால் பெருக்கினால் பகுதி தானாக அடிபட்டுப் போகிறது. பாதி வழியில் வெட்டினால் ஒரு காசு தொலைகிறது. கணினி நிரல் எழுதுகிறவர்கள் பணக் கணக்கைத் தசமத்தில் வைக்காமல் பைசாவில், முழு எண்ணாக வைத்துக்கொள்வதற்கும் காரணம் இதுதான்.

கலப்பு பின்னத்தை எழுதும் முறையிலும் ஒரு வம்பு இருக்கிறது. 2½ என்று எழுதும்போது இரண்டுக்கும் அரைக்கும் நடுவே கூட்டல் குறி ஒளிந்திருக்கிறது. இயற்கணிதத்தில் 2x என்று எழுதினால் அங்கே ஒளிந்திருப்பது பெருக்கல் குறி. மேல் வகுப்புக்குப் போகப் போகக் கணித ஆசிரியர்கள் கலப்பு பின்னத்தைக் கைவிட்டு 5/2 என்றே எழுதச் சொல்வது இந்தக் குழப்பத்துக்குப் பயந்துதான். எழுதும் முறை எல்லாக் காலத்திலும் ஒன்றாக இருந்ததும் இல்லை. 1881-இல் பெஷாவருக்கு அருகே பக்ஷாலி என்ற ஊரில் கிடைத்து இப்போது ஆக்ஸ்போர்டில் இருக்கும் பூர்ஜ மரப்பட்டைச் சுவடியில் முழு எண் மேலே, தொகுதி நடுவே, பகுதி கீழே என்று ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும். நடுவே கோடு கிடையாது. 1202-இல் நூல் எழுதிய இத்தாலியரான ஃபிபொனாச்சி பின்னத்தை முழு எண்ணுக்கு இடப்பக்கம் எழுதினார்.

கூட்டலும் கழித்தலும் ஒரே அளவையை எண்ணும் வேலை. பெருக்கல் அப்படி இல்லை. கலப்பு பின்னக் கணக்கில் அதிகம் பேர் தடுக்கி விழும் இடமும் இதுதான். இரண்டரைக் கோல் அகலம், மூன்றரைக் கோல் நீளம் உள்ள துண்டு நிலம் எத்தனை குழி? ஒரு கோல் சதுரம் ஒரு குழி. இரண்டு மூணு ஆறு, அரையில் அரை கால், ஆக ஆறேகால் என்று சொல்லத் தோன்றும். சரியான விடை எட்டே முக்கால். காணாமல் போன இரண்டரைக் குழி எங்கே? படம் வரைந்தால் தெரியும். இரண்டுக்கு மூன்று என்ற பெரிய கட்டம் ஆறு குழி. அதன் ஒரு பக்கத்தில் இரண்டு கோல் நீளமும் அரைக் கோல் அகலமுமாக ஒரு பட்டை, ஒரு குழி. மறு பக்கத்தில் மூன்று கோல் நீளமும் அரைக் கோல் அகலமுமாக இன்னொரு பட்டை, ஒன்றரைக் குழி. மூலையில் அரைக்கு அரைச் சதுரம், கால் குழி. ஆறேகால் என்றவர் பெரிய கட்டத்தையும் மூலையையும் எடுத்துக்கொண்டு இரண்டு பட்டையையும் வயலிலேயே விட்டுவிட்டு வந்தார்.

தகா பின்னத்தில் பட்டை, மூலை என்ற பேச்சே எழாது. அகலம் ஐந்து அரைக்கோல், நீளம் ஏழு அரைக்கோல். ஐந்தேழு முப்பத்தைந்து. ஆனால் முப்பத்தைந்து எவை? அரைக்குழிகள் அல்ல. அரைக்கோல் பக்கம் கொண்ட சதுரம் ஒவ்வொன்றும் கால் குழி. முப்பத்தைந்து கால், அதாவது 8¾. பெருக்கும்போது பகுதிகளையும் பெருக்குகிறோம் என்ற விதிக்கு அர்த்தம் இதுதான்: பெருக்கினால் அளவையே மாறி இன்னொன்று பிறக்கிறது. காலில் கால் வீசம், காலில் அரை அரைக்கால் என்று ஒவ்வொரு முறையும் சிறியதாக ஓர் அளவு வந்து நிற்கும்.

திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியின் பகுதியாகக் குழிமாற்று என்ற வாய்பாட்டை மனப்பாடம் செய்தார்கள். ஓர் எண்ணை அதே எண்ணால் பெருக்கினால் என்ன என்பதன் பட்டியல் அது. பின்னங்களுக்கும் உண்டு. நிலம் அளப்பவருக்கு அது கையிருப்பு. அரையில் முடியும் எண்களுக்கு மனப்பாடம்கூட வேண்டாம். ஏழரை ஏழரை எவ்வளவு? ஏழையும் அடுத்த எண் எட்டையும் பெருக்கு, 56. காலைச் சேர், 56¼. பன்னிரண்டரைப் பன்னிரண்டரை? பன்னிரண்டு பதின்மூன்று 156, கால் சேர்த்து 156¼. ஏன் என்றால், ஏழரைச் சதுரத்தின் இரண்டு பக்கமும் இருக்கும் அரைக்கோல் பட்டைகள் சேர்ந்து ஏழு குழி ஆகும். ஏழேழு நாற்பத்தொன்பதோடு இன்னொரு ஏழு சேர்ந்தால் ஏழெட்டு. மூலைக் கால் மட்டும் மிச்சம். கலப்பு வடிவம் கணக்குக்கு உதவாது என்று மேலே சொன்னதற்கு இது ஒரு விதிவிலக்கு. பட்டைகளை மறக்காதவருக்கு அது சில நேரம் தகா பின்னத்தைவிட வேகமாக விடை தரும்.

வகுத்தலில், வகுக்கும் பின்னத்தைத் தலைகீழாக்கிப் பெருக்கு என்று 628-இலேயே பிரம்மகுப்தர் எழுதிவிட்டார். விதி சரி. ஆனால் அளவை ஒன்றானால் தலைகீழாக்கவே தேவையில்லை. 5¼-ஐ 1¾-ஆல் வகுக்க வேண்டும். இருபத்தொரு காலில் எத்தனை ஏழு கால்? மூன்று. கால் என்ற பெயர் இரண்டு பக்கமும் இருப்பதால் அடிபட்டுவிடுகிறது. தலைகீழாக்கும் விதி இதைச் சுருக்கமாகச் செய்யும் வழி.

வகுத்தலில் மீதி வந்தால்தான் சுவாரசியம். எட்டடிப் பலகை ஒன்றை 15¾ அங்குலத் துண்டுகளாக அறுக்க வேண்டும். ரம்பம் போகும் வழியில் ஒவ்வொரு தடவையும் ஒரு நூல் மரம் தூளாகும். ஆக ஒரு துண்டுக்கு வேண்டியது 15⅞ அங்குலம், அதாவது 127 நூல். பலகை 96 அங்குலம், அதாவது 768 நூல். 768-ஐ 127-ஆல் வகுத்தால் ஆறு, மீதி ஆறு. இப்போது கேள்வி: மிஞ்சியது எவ்வளவு? கலப்பு பின்னமாக விடை எழுதினால் 6 6/127. அந்த 6/127 மிஞ்சிய மரத்தின் நீளம் அல்ல. ஏழாவது துண்டில் எவ்வளவு தேறும் என்பதன் அளவு. மிஞ்சிய மரம் ஆறு நூல், அதாவது முக்கால் அங்குலம். மீதியும் பின்னமும் ஒரே 6-இலிருந்து பிறந்தவைதான், ஆனால் ஒன்று நூலில் பேசுகிறது, மற்றது துண்டில் பேசுகிறது. தேர்வில் இதைக் கலந்து எழுதினால் மதிப்பெண் போகும். பட்டறையில் கலந்தால் பலகை போகும்.

இவ்வளவு சிறிய கணக்குகளுக்கு மட்டும்தானா தகா பின்னம்? தமிழ்நாட்டில் வாக்கியப் பஞ்சாங்கம் பார்க்கும் வீடுகளில் ஒரு பிரம்மாண்டமான தகா பின்னம் ஆண்டுதோறும் வேலை செய்கிறது. கலியுகம் பிறந்து 3600 ஆண்டு ஆனபோது தமக்கு 23 வயது என்று எழுதியவர் ஆரியபடர், அது கி.பி. 499. அவர் கணக்கில் 43,20,000 ஆண்டு கொண்ட ஒரு மகாயுகத்தில் 157,79,17,500 நாள்கள். ஓர் ஆண்டுக்கு எத்தனை நாள்? நாளின் எண்ணிக்கையை ஆண்டின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். இரண்டையும் 7500-ஆல் சுருக்கினால் 210389/576. வாக்கியக் கணிதம் ஆண்டைப் பிடித்துவைத்திருப்பது இந்த வடிவில்தான்: 576 ஆண்டுக்கு 2,10,389 நாள். நாளும் முழு எண், ஆண்டும் முழு எண். எந்த இடத்திலும் வெட்டல் ஒட்டல் இல்லை.

கலப்பாக்கிப் பாருங்கள். 576-ஐ 365-ஆல் பெருக்கினால் 2,10,240, மீதி 149. ஆக ஆண்டு 365 149/576 நாள். 149-இல் 144 போனால் 5; 144/576 என்பது கால். எனவே 365¼-க்கு மேல் 5/576. பஞ்சாங்கம் அந்த மீதியை நாழிகையில் சொல்லும். ஒரு நாளுக்கு 60 நாழிகை, நாழிகைக்கு 60 விநாழிகை, விநாழிகைக்கு 60 தற்பரை. 149-ஐ 60-ஆல் பெருக்கி 576-ஆல் வகுத்தால் 15, மீதி 300. அதை 60-ஆல் பெருக்கி வகுத்தால் 31, மீதி 144. மறுபடியும் பெருக்கி வகுத்தால் 15, மீதி ஒன்றும் இல்லை. 365 நாள் 15 நாழிகை 31 விநாழிகை 15 தற்பரை. மூன்றே படியில் மிச்சமின்றி முடிந்துவிட்டது. தசமத்தில் எழுதினால் 365.2586805555 என்று ஐந்தாக நீண்டுகொண்டே போகும்.

ஏன் இங்கே முடிகிறது, அங்கே முடியவில்லை? 576-க்குள் மூன்று இருமுறை இருக்கிறது. பத்துக்குள் மூன்று இல்லை, 320-க்குள்ளும் இல்லை. அறுபதுக்குள் இருக்கிறது. மூன்று முறை அறுபதைப் பெருக்கினால் வரும் எண் 576-ஆல் மீதியின்றி வகுபடும். எந்தப் பின்னம் எங்கே முடியும் என்பது பின்னத்தின் கையில் மட்டும் இல்லை. எந்த அளவையில் உடைக்கிறோம் என்பதிலும் இருக்கிறது.

ஜான் வாரன் என்பவர் தென்னிந்தியப் பஞ்சாங்க முறைகளைப் பற்றி எழுதிய ‘காலசங்கலித’ என்ற நூல் 1825-இல் சென்னையில் வெளியானது. புதுச்சேரியில் இருந்த தமிழ்ப் பஞ்சாங்கக் கணக்கர் ஒருவர், அதே ஆண்டு மே 31-க்கும் ஜூன் 1-க்கும் இடைப்பட்ட இரவில் நேரவிருந்த சந்திர கிரகணத்தைத் தரையில் சோழிகளைப் பரப்பிக் கணக்கிட்டுக் காட்டியதை வாரன் பதிவு செய்திருக்கிறார். கணக்கருக்கு வேண்டிய அட்டவணைகள் எல்லாம் மனப்பாடம். எழுதுகோல் இல்லை. இருபதாம் நூற்றாண்டில் ஆட்டோ நொய்கெபவுர் என்ற கணித வரலாற்றறிஞர் இதைத் தேடிப் பிடித்து 1952-இல் கட்டுரை எழுதியதற்குக் காரணம், பாபிலோனியக் கணக்கின் சாயல் இதில் தெரிந்ததுதான். என்னைக் கவர்வது சோழி. அரைச் சோழி என்று ஒன்று கிடையாது. சோழியால் கணக்குப் போடுகிறவருக்குப் பின்னம் என்று ஒன்று இருக்கவே முடியாது. எல்லாவற்றையும் ஏதாவது ஓர் அளவையில் முழு எண்ணாக்கியே தீர வேண்டும். கலப்பு பின்னம் நாழிகையும் விநாழிகையுமாகத் தனித்தனிக் குவியலாக நிற்கும். ஒரு குவியல் அறுபதைத் தொட்டால் பக்கத்துக் குவியலில் ஒரு சோழி ஏறும்.

நூறு ஆண்டுக்கு எத்தனை நாள் என்று இந்த முறையில் போட்டுப் பார்க்கலாம். 365 நாளுக்கு 36,500. மீதி 149-ஐ நூறால் பெருக்கினால் 14,900. 576-ஆல் வகுத்தால் 25, மீதி 500. ஆக 36,525 நாளும் 500/576 நாளும். நாழிகையில் 52 நாழிகை 5 விநாழிகை, மிச்சம் சுழி. ஆண்டை 365.26 என்று இரண்டு தசமத்தில் நிறுத்திப் போட்டிருந்தால் 36,526 நாள் என்று வரும். ஏறக்குறைய எட்டு நாழிகை பிசகு, அதாவது மூன்று மணி நேரத்துக்கு மேல். சித்திரை பிறக்கும் நேரத்துக்கு இது பெரிய பிசகு.

கிரெகோரி நாள்காட்டியும் ஒரு கலப்பு பின்னம்தான்: 365 97/400. நானூறு ஆண்டுக்கு 97 லீப் நாள் என்பதை அந்தப் பின்னமே சொல்லிவிடுகிறது. பகுதி சுழற்சியின் நீளம், தொகுதி அதற்குள் செருக வேண்டிய நாள்கள். அது பருவங்களைப் பின்தொடரும் ஆண்டு. வாக்கிய ஆண்டு விண்மீன்களைப் பின்தொடர்வது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு சுமார் 62 ஆண்டுக்கு ஒரு நாள். ஆரியபடர் காலத்தில் இரவும் பகலும் சமமாகும் மார்ச் மாத நாளை ஒட்டிப் பிறந்த சித்திரை இன்று ஏப்ரல் 14-க்கு வந்து நிற்பது இதனால்தான். வாக்கியக் கணக்குக்குள் அது ஒரு சிக்கலே இல்லை. அங்கே 576 ஆண்டு கழிந்தால் மீதி நாழிகை எல்லாம் கூடி முழு நாளாகிவிடும்; சித்திரை அதே நாழிகை, அதே விநாழிகையில் பிறக்கும். கிழமை மட்டும் மாறும். 2,10,389-ஐ ஏழால் வகுத்தால் மீதி நான்கு, எனவே இந்த முறை ஞாயிறு என்றால் 576 ஆண்டு கழித்து வியாழன். கிழமையும் சேர்ந்து பொருந்த வேண்டுமானால் அதைப் போல ஏழு மடங்கு, 4032 ஆண்டு ஆகும்.